காஸ் அலாரத்தை வீட்டில் எங்கே பூட்டுவது? யாழ்ப்பாணத்துக் குசினிகளில் கேட்ட கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வீட்டு வயறிங் வேலை செய்கிறேன். 2021ஆம் ஆண்டு கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்த நாள் தொடக்கம், பான் பூட்டப் போன வீட்டிலும் மோட்டர் திருத்தப் போன வீட்டிலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. அலாரம் வாங்கிவிட்டார்கள், இடம்தான் தெரியவில்லை. சிலர் தெரியாமலே ஓர் இடத்தில் பூட்டிவிட்டு, இனிப் பயமில்லை என்று படுக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எங்கே பூட்ட வேண்டும்?

சிலிண்டர் காஸ் பாவிக்கும் வீடு என்றால், அடுப்பும் சிலிண்டரும் இருக்கும் அதே அறையில், தரையில் இருந்து ஒரு அடிக்குள், அதாவது 30 சென்ரிமீற்றருக்குள் பூட்டுங்கள். அடுப்பில் இருந்து ஒரு மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். மூன்று மீற்றருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. கதவு, ஜன்னல், பான் காற்று நேரே அடிக்காத சுவராகப் பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் துண்டுப்பிரசுரம் வேறு அளவு சொன்னால் அந்த அளவையே எடுங்கள். சென்சருக்குச் சென்சர் வித்தியாசம் உண்டு.

புகை அலாரத்தை முகட்டில்தானே பூட்டுகிறோம். இது மட்டும் ஏன் கீழே?

புகை சூட்டோடு மேலே போகும். சிலிண்டர் காஸ் அப்படியில்லை. அதில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். புரோப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒழுகினால் தரைக்கு இறங்கி, தண்ணீர் மாதிரிப் பரவும். படி இருந்தால் படியால் இறங்கும். பள்ளம் இருந்தால் அதில் தங்கும்.

இதை நான் படித்து அறியவில்லை, எங்கள் வீட்டிலேயே பட்டு அறிந்தேன். முதன்முதல் வாங்கிய அலாரத்தை அடுப்புக்கு மேலே, ஆறடி உயரத்தில் நானே பூட்டினேன். பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து ஒரு காலை, அம்மா தரையில் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. "என்னடா, காஸ் மணக்குது" என்றா. நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. குனிந்தேன். முழங்காலுக்குக் கீழே மூக்கு வந்ததும் பளீரென்று அடித்தது. சிலிண்டருக்குப் பின்பக்கம் ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. கடித்த இடத்தில் தண்ணீர் தொட்டு வைத்தால் மெல்லக் குமிழ் விட்டது. அவ்வளவு நேரமும் மேலே பச்சை லைற் எரிந்துகொண்டே இருந்தது, அலாரம் வாய் திறக்கவில்லை. அதில் ஒரு பழுதும் இல்லை. காஸ் அதனிடம் வந்து சேரவே இல்லை. அன்று பின்னேரமே கழற்றிக் கீழே கொண்டுவந்தேன்.

ஒரு கணக்கும் பாருங்கள். 10 அடிக்கு 12 அடி, 10 அடி உயரமான குசினி. காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் காஸ் கலந்தால் தீப்பொறிக்குப் பற்றும். அறை முழுக்க அந்த அளவு கலக்க ஒன்றரைக் கிலோ காஸ் வேண்டும். ஆனால் அது தரையோடு ஒரு அடி உயரத்துக்குள் தங்கினால் 150 கிராமே போதும். 12.5 கிலோ சிலிண்டரில் அது நூற்றில் ஒரு பங்கை விடச் சற்றுத்தான் கூட. உண்மையில் காஸ் கோடு கிழித்த மாதிரித் தங்காது, மேற்காற்றோடும் கலக்கும். ஆனாலும் ஆபத்து முதலில் தொடங்கும் இடம் தரைதான்.

எங்கள் குசினியில் காஸ் எந்தப் பக்கம் போகும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குசினி கழுவும் நாளில் சிலிண்டர் இருக்கும் இடத்தில் அரை வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு நின்று பாருங்கள். எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த நிலைப்படியில் முட்டி நிற்கிறது? காஸும் பெரும்பாலும் அந்தப் பக்கந்தான் சாயும். நான் வேலைக்குப் போகும் வீடுகளில் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். எங்கள் ஊர்க் குசினிகளில் தரையைக் கோடிப்பக்கக் கதவை நோக்கிச் சாய்த்து இழுத்திருப்பார்கள், தண்ணீர் போக மூலையில் ஓட்டையும் விட்டிருப்பார்கள். கதவின் நிலைப்படி இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்திருந்தால் அந்த இடம் ஒரு தொட்டி மாதிரி ஆகிவிடும்.

தண்ணீருக்கும் காஸுக்கும் ஒரு வித்தியாசம் காற்று. கோடிக் கதவு சோளகத்துக்கு நேரே திறந்திருந்தால், ஒழுகும் காஸை அது உள்வீட்டுப் பக்கம் தள்ளும். அதனால் தண்ணீர் பார்த்த பிறகு, கதவு ஜன்னல்கள் வழக்கம்போலத் திறந்திருக்க, ஒரு ஊதுபத்தியைத் தரையோரம் பிடித்துப் புகை போகும் திசையையும் பாருங்கள். இதைச் சிலிண்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, காஸ் மணம் துளியும் இல்லாத நேரத்தில் மட்டும் செய்யுங்கள். தண்ணீரும் புகையும் ஒரே பக்கம் காட்டினால் இடம் கிடைத்துவிட்டது. வெவ்வேறு பக்கம் காட்டினால் இரண்டுக்கும் நடுவில் வரும் சுவரை எடுப்பேன்.

மகன் கனடாவில் இருந்து ஒரு காஸ் அலாரம் அனுப்பியிருக்கிறான். அதைப் பூட்டலாமா?

பெட்டியைக் கொண்டுவாருங்கள், முதலில் வாசிப்போம். இதில் மூன்று சிக்கல்கள் வரலாம்.

முதலாவது, கனடாவில் வீடுகளுக்குக் குழாயில் வருவது இயற்கை வாயு. அது மெதேன்; காற்றை விட இலேசு. அதனால் அங்கே விற்கும் பல அலாரங்களின் தாளில் 'முகட்டில் இருந்து ஒரு அடிக்குள் பூட்டவும்' என்று இருக்கும். மகன் தொலைபேசியில் அதை வாசித்துக் காட்டுவார்; அவர் வாழும் வீட்டுக்கு அது சரியான உயரம். நல்லூரில் சிலிண்டர் பாவிக்கும் அம்மாவுக்கு அது நேர்மாறு. அலாரம் புரோப்பேனையும் பியூட்டேனையும் உணரும் என்று தாளில் எழுதியிருந்தால் பாவிக்கலாம், கீழே பூட்டி. மெதேன் மட்டும் என்றிருந்தால் வேண்டாம்.

இரண்டாவது, அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. பிளக் முனையை மாற்றிவிட்டுச் செருகினால் சில வகைகள் அந்த நிமிடமே எரிந்துபோகும்.

மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது: வந்திருப்பது காஸ் அலாரமே இல்லை. காபனோரொட்சைட்டு அலாரம். அது வேறு வாயுவுக்கு, விறகும் கரியும் முழுக்க எரியாதபோது வரும் நச்சு வாயுவுக்கு. சிலிண்டர் முழுக்க ஒழுகினாலும் அது உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

இங்கே வாங்குவதென்றால், வீட்டுக் காஸ் அலாரங்களுக்கான ஐரோப்பிய நியமமான ஈ.என். 50194 என்ற இலக்கம் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காஸ் ஒழுகினால் மணக்குமே. பிறகு அலாரம் எதற்கு?

காஸுக்கு இயல்பில் மணம் கிடையாது. எதைல் மெர்கப்டான் என்ற பொருளைக் கலந்துதான் அந்த அழுகிய கோவா மணத்தைக் கொடுக்கிறார்கள். மூக்கு சுகமாக இருக்கும் ஒருவர், விழித்திருக்கும் நேரத்தில், அந்த அறைக்குள் வந்தால் கண்டுபிடிப்பார். ஆனால் வயது போகப் போக மணம் பிடிக்கும் சக்தி குறையும். கொரோனா வந்து போனபின் மணமே தெரியவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. கருவாடு பொரிக்கும் குசினியில் எந்த மூக்கும் திணறும். மணம் தொடர்ந்து இருந்தால் மூக்கு பழகியும் போய்விடும். நித்திரையில் இருப்பவரை மணம் எழுப்பும் என்று நம்பி இருக்கவே கூடாது.

சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பூட்டினால் இன்னும் விரைவாகப் பிடிக்காதா?

பிடிக்கும், தேவையில்லாமலும் பிடிக்கும். சிலிண்டர் மாற்றும்போது ரெகுலேற்றரைக் கழற்றினால் 'புஸ்' என்று கொஞ்சம் வெளிவரும். அடுப்பு பற்ற இரண்டு செக்கன் பிந்தினாலும் கொஞ்சம் போகும். ஒட்டிப் பூட்டினால் இதற்கெல்லாம் கத்தும். நாலு நாள் கத்தினால் ஐந்தாம் நாள் வீட்டுக்காரர் பிளக்கைக் கழற்றிவிடுவார். கழற்றி அலுமாரிக்குள் வைத்த அலாரங்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அடுப்புக்குக் கிட்ட என்றால் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். சென்சரின் முன்னால் இருக்கும் சின்ன வலையில் பிசுக்கும் தூசும் ஒட்டினால், நாளடைவில் காஸ் உள்ளே போகவே பிந்தும்.

சிலிண்டர் பான்ட்ரிக் கபேட்டுக்குள் இருக்கிறது. அலாரத்தையும் கபேட்டுக்குள் பூட்டவா?

எனக்கு இதில் முதற் பிரச்சினை அலாரம் இல்லை, சிலிண்டர். புது வீடுகளில் அழகுக்காகச் சிலிண்டரைச் சிங்குக்குப் பக்கத்துக் கபேட்டில் மறைத்துவிடுகிறார்கள். கதவு பூட்டியே இருப்பதால் ஒழுகல் உள்ளேயே தேங்கும். முதலில் கபேட் கதவின் அடியிலும் அடித்தட்டிலும் காற்று போய்வர நல்ல அகலமாகத் துளை வெட்டுங்கள். தச்சு வேலை செய்தவரே அரை மணித்தியாலத்தில் வெட்டித் தருவார். முடிந்தால் சிலிண்டரை வெளியே எடுங்கள்.

அலாரம் கபேட்டுக்குள் வேண்டாம். உள்ளே பூட்டினால் சத்தம் அமுங்கும், சவர்க்காரத் தூள், வினாகிரி, கரப்பான் மருந்து என்று அங்கே அடுக்கியிருக்கும் சாமான்களின் ஆவியும் சேரும். துளை வெட்டிய கதவுக்கு வெளியே, அதே உயரத்தில், பக்கச் சுவரில் பூட்டுங்கள்.

சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைத்துச் செப்புக் குழாயில் உள்ளே எடுக்கிறோம். அலாரம் வெளியேயா, உள்ளேயா?

உள்ளே. வெளியே காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். மழையும் வெயிலும் சென்சரையும் பழுதாக்கும். உள்ளே குழாய் அடுப்போடு சேரும் மூட்டு, குமிழ்கள், குழாய் சுவரைத் துளைத்து வரும் இடம் ஆகியவற்றில் இன்னமும் ஒழுகல் வரலாம். சிலிண்டர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கழிவுநீர் வாய்க்காலோ மூடி போட்ட குழியோ இருந்தால் சிலிண்டரைத் தள்ளி வையுங்கள். காஸ் அதற்குள் இறங்கினால் வேறெங்கோ போய் வெளிவரும்.

எங்கள் வீடு பழைய நாற்சார் வீடு. குசினி தனியே, ஓட்டுக் கூரை, இடுக்கெல்லாம் காற்று. எங்களுக்கும் வேண்டுமா?

ஓட்டின் இடுக்குகள் எல்லாம் மேலே இருக்கின்றன, காஸ் கீழே இருக்கிறது. புகை போக உதவும் கூரை, தரையில் தேங்கும் காஸுக்கு அவ்வளவு உதவாது. இரவில் கதவைச் சாத்திப் பூட்டினால் பழைய குசினியும் கீழ்ப்பக்கம் மூடிய பெட்டிதான். அதனால் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஒரு நன்மையும் உண்டு: குசினி தனியே நிற்பதால், படுக்கும் அறைக்குக் காஸ் இலகுவில் வராது. தீமை, அலாரச் சத்தமும் வராது. அது பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மேல்மாடியில் குசினி. கீழே நாங்கள் படுக்கிறோம்.

அப்படியென்றால் குசினியில் ஒன்று, படிக்கட்டு முடியும் அடித்தளத்தில் ஒன்று. காஸுக்குப் படிக்கட்டு இறங்கும் வழி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் குசினிக்கு.

எந்தெந்த இடங்களில் பூட்டவே கூடாது?

சிங்குக்குக் கீழே பூட்டாதீர்கள். ஈரமும் சவர்க்கார ஆவியும் அங்கே எந்நேரமும் இருக்கும். கோடிக் கதவின் நிலையை ஒட்டிப் பூட்டினால் வெளிக்காற்று சென்சரின் முகத்தைக் கழுவிக்கொண்டே இருக்கும். அறைக்குள் காஸ் இருந்தும் அதற்குத் தெரியாது. எக்ஸோஸ்ற் பானுக்கும் ரேபிள் பானுக்கும் நேரே வேண்டாம். பிறிட்ஜுக்குப் பின்னால் வேண்டாம்: சூடு, தூசு, பல்லி எல்லாம் அங்கேதான். அரிசி மூட்டையும் பெட்டியும் அடுக்கும் மூலையில் பூட்டினால் முதல் மாதம் தெரியும், இரண்டாம் மாதம் மூட்டைக்குப் பின்னால் போய்விடும். மேற்குச் சுவரில் பங்குனி, சித்திரை வெயில் நேரே விழும் இடத்தையும் தவிருங்கள்.

தரை கழுவும்போது தண்ணீர் தெறிக்கும் என்பது நியாயமான பயம். சில தாள்களில் தரையில் இருந்து 10 சென்ரிமீற்றர் என்றுகூட இருக்கும். வாளியால் அள்ளி ஊற்றித் தும்புத்தடியால் தள்ளும் எங்கள் வழக்கத்துக்கு அது மிகத் தாழ்வு. 25 முதல் 30 சென்ரிமீற்றர் என்பது தெறிப்புக்கும் காஸுக்கும் நடுவே நான் கண்ட உயரம். மாரியில் வெள்ளம் ஏறும் பகுதி என்றால், தண்ணீர் வருமுன் கழற்றி எடுக்கக்கூடிய மாதிரிக் கொக்கியில் கொழுவுங்கள்.

பிளக் பொயின்ற் எல்லாம் மேடைக்கு மேலே நாலடி உயரத்தில். கீழே எப்படிப் பூட்டுவது?

இந்த ஒரு காரணத்தினால்தான் பாதி அலாரங்கள் பிழையான உயரத்தில் இருக்கின்றன. நேரே பிளக்கில் செருகும் வகையை வாங்கினால் பிளக் இருக்கும் உயரமே அலாரத்தின் உயரம் ஆகிவிடும். எங்கள் வீடுகளுக்கு வயரோடு வரும் வகையே பொருத்தம். வயரை மேலே உள்ள பிளக்கில் கொடுத்து, சுவரோரமாகக் கிளிப் அடித்து, அலாரத்தைக் கீழே இறக்கலாம்.

நேரே செருகும் வகையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், எலெக்ரீசியனைக் கொண்டு சுவரில் கீழே ஒரு 13 அம்பியர் பிளக் பொயின்ற் இறக்குங்கள். ட்ரிப் சுவிச் வேலை செய்யும் லைனில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள். அழுத்திப் பார்த்து அது விழுகிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். எக்ஸ்ரென்சன் வயரைத் தரையில் போட்டு அதில் செருகுவது வேண்டவே வேண்டாம். ஈரத் தரையில் மின்சாரம், காஸ் இரண்டையும் கூட்டி வைக்கிற வேலை அது.

அலாரத்துக்கென்று ஒரு பிளக்கை ஒதுக்குங்கள். மிக்சி போடுவதற்குக் கழற்றினால், திரும்பச் செருக யாருக்கும் நினைவு வராது.

கரண்ட் போனால் அலாரமும் போய்விடுமே?

போய்விடும். பெரும்பாலான காஸ் சென்சர்களுக்குள் ஒரு சின்னக் கம்பி எந்நேரமும் சூடாக இருக்க வேண்டும். அதற்கு மின் செலவு கூட. சின்னப் பற்றரியில் நீண்ட நாள் ஓடாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் இந்த அலாரங்கள் எல்லாம் செத்தே கிடந்தன. மெழுகுதிரியும் குப்பி விளக்கும் எரிவது அதே நேரத்தில்தான்.

அலாரம் 12 வோல்ற் அடப்டரில் ஓடும் வகை என்றால், வைஃபை ரவுட்டருக்குப் போடும் சின்ன யூபிஎஸ் ஒன்றில் கொடுக்கலாம். வோல்ற் அளவும் முனையின் கூட்டல் கழித்தலும் பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால், கரண்ட் போனதும் ரெகுலேற்றரை மூடும் பழக்கத்தைப் பிடியுங்கள். கரண்ட் வந்த பிறகும் சென்சர் சூடாகி நிதானத்துக்கு வர மூன்று நிமிடம் அளவில் எடுக்கும்.

காஸ் ஒழுகாமலே கத்துகிறது. ஏன்?

இந்தச் சென்சர்களில் அதிகமானவை தகர ஒட்சைட்டு வகை. சூடான அந்தப் பூச்சில் எரியக்கூடிய எந்த ஆவி பட்டாலும் அதன் மின்தடை மாறும். காஸ் என்றும் மதுசார ஆவி என்றும் அதற்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நுளம்பு ஸ்பிறே, வாசனை ஸ்பிறே, தின்னர், கைகழுவும் மதுசாரம் எல்லாம் கத்த வைக்கும். கள்ளு விட்டுப் புளிக்க வைத்த அப்பமாச் சட்டியை அலாரத்துக்குப் பக்கத்தில் தரையில் மூடி வைத்த வீடு ஒன்றில், விடியப்புறம் நாலு மணிக்குக் கத்தியிருக்கிறது. சட்டியைத் தள்ளி வைத்ததோடு நின்றது.

இது ஒழுகல் இல்லை, வேறு ஆவிதான் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். முதலில் ரெகுலேற்றரை மூடி, கதவைத் திறந்து, பிறகு காரணம் தேடுங்கள்.

இன்னொன்று, சத்தமே இல்லாமல் நடப்பது: சிலிக்கோன். மேடைக்கும் சுவருக்கும் இடையே அடைக்கும் அந்தப் பசையின் ஆவி சென்சரை நிரந்தரமாக மந்தமாக்கக்கூடும். புதுப் பான்ட்ரி அடித்தால் பசை காய்ந்து மணம் முழுக்கப் போன பிறகே அலாரத்தைப் பூட்டுங்கள். பொங்கலுக்குப் பெயின்ற் அடிக்கும்போது கழற்றி வேறு அறையில் வையுங்கள், முடிந்ததும் மறக்காமல் பூட்டுங்கள்.

விறகடுப்பும் வைத்திருக்கிறோம். ஜெனரேற்றரும் இருக்கிறது. இதே அலாரம் போதுமா?

போதாது. விறகு, ஊமல் கரி, ஜெனரேற்றர் எதுவானாலும் முழுக்க எரியாதபோது காபனோரொட்சைட்டு வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, சத்தி, நித்திரை மயக்கம் என்று தொடங்கி ஆளையே கொண்டுபோகும். இது காற்றோடு ஏறத்தாழ ஒரே பாரம், அறை முழுக்கச் சமமாகக் கலக்கும். இதற்குரிய அலாரம் வேறு, பெட்டியில் ஈ.என். 50291 என்று பாருங்கள். பூட்டும் உயரமும் வேறு: படுக்கும் அறையில், படுத்திருக்கும்போது முகம் இருக்கும் மட்டத்தில். பற்றரியில் ஓடும் வகை தாராளமாகக் கிடைக்கும்.

ஜெனரேற்றரை விறாந்தையில் வைத்து ஓட்டுவதை அலாரம் பூட்டிச் சரிப்படுத்த முடியாது. ஜன்னல்களுக்குத் தூரமாக, வளவுக்குள் தள்ளி வையுங்கள்.

மாட்டுச் சாணத்தில் பயோகாஸ் எடுக்கிறோம்.

அதில் கூடுதலாக இருப்பது மெதேன், மேலே போகும். அந்த அடுப்பு இருக்கும் அறையில் மெதேன் அலாரத்தை முகட்டில் இருந்து ஒரு அடி கீழே பூட்டுங்கள். சிலிண்டரும் அதே அறையில் இருந்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று.

பூட்டியபின் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எத்தனை வருடம் இருக்கும்?

மாதம் ஒருமுறை அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். பல வகைகளில் அது சத்தத்தையும் லைற்றையும் மட்டுமே சோதிக்கும், சென்சரைச் சோதிக்காது. லைற்றர் காஸைப் பற்றவைக்காமல் பிடித்துப் பார்ப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். லைற்றரில் இருப்பதும் பியூட்டேன்தான், அலாரம் கத்தும். ஆனால் சுத்தக் காஸை முகத்துக்கு நேரே அடித்தால் சென்சர் கெடலாம். பல தாள்களில் செய்யாதே என்றே எழுதியிருக்கிறார்கள். தாள் அனுமதித்தால் மட்டும், கொஞ்சம் தள்ளி, ஒரு செக்கன்.

வலையில் சிலந்தி, எறும்பு, தூசு சேரும். காய்ந்த பெயின்ற் தூரிகையால் தட்டிவிடுங்கள், ஈரத் துணி வேண்டாம். சென்சரின் ஆயுள் பெரும்பாலும் ஐந்து வருடம் அளவில். எங்கள் கடற்காற்றுக்கு அதைத் தாண்டி நம்ப மாட்டேன். பூட்டிய திகதியை அலாரத்தின் முதுகில் மார்க்கரால் எழுதுங்கள்.

அலாரம் அடித்தால் என்ன செய்வது?

எரியும் அடுப்பை நிற்பாட்டுங்கள். எந்தச் சுவிச்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். அலாரத்தின் பிளக்கைக்கூடப் பிடுங்காதீர்கள், கத்தட்டும். எக்ஸோஸ்ற் பானைப் போட்டால் காஸ் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சுவிச்சே போதும் பற்றவைக்க. ரெகுலேற்றருக்குப் பயமில்லாமல் கிட்டப் போக முடிந்தால் மூடுங்கள்.

கதவுகளைத் திறவுங்கள். ஜன்னலை விடக் கதவு முக்கியம், ஏனென்றால் கதவுதான் தரை வரைக்கும் திறக்கும். சாமியறையில் விளக்கு எரிந்தால், குசினியில் இருந்து காஸ் அங்கே வருமுன் அணைத்துவிடுங்கள். பிறகு எல்லோரும் வெளியே. மெயின் சுவிச் விறாந்தையில், காஸ் மணமே இல்லாத இடத்தில் இருந்தால் மட்டும் அதை நிற்பாட்டலாம். படலையடிக்குப் போன பிறகு தொலைபேசியை எடுங்கள்: தீயணைப்புக்கு 110, யாருக்காவது சுகமில்லை என்றால் 1990 அம்புலன்ஸ்.

அம்மா தனியே இருக்கிறா, காதும் மந்தம். நாங்கள் வெளிநாட்டில். அலாரம் அடித்தாலும் கேட்காதே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு மனம் பாரமாகிறது. இப்படி எத்தனை வீடுகள். அலாரம் தரையோரம் இருந்தே ஆகவேண்டும், அதை மாற்ற முடியாது. ஆனால் சத்தத்தை மாற்றலாம். வெளி இணைப்புக் கொடுக்கக்கூடிய வகையாக வாங்கி, இன்னொரு மணியை அம்மா படுக்கும் அறையில் வைக்கலாம். அதே இணைப்பில் காஸைத் தானாக மூடும் வால்வையும் பூட்டலாம். கைபேசிக்குத் தகவல் அனுப்பும் வகையும் உண்டு. ரொறொன்ரோவில் உங்கள் கைபேசி அதிரும். அங்கிருந்து கதவைத் திறக்க முடியாதே, அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கத்தையும் அதில் சேருங்கள்.

கொக்குவிலில் ஓர் அம்மாவுக்குப் பூட்டிய அன்று, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடும்பத்தைக் கூப்பிட்டேன். சோதனைப் பொத்தானை அழுத்தி, அந்த வீட்டுச் சின்னவனுக்குச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். வேலியடியில் நின்று கேட்குதா என்று பார்க்க அவனையே அனுப்பினோம். "கேட்குது மாமா" என்று அங்கிருந்து கத்தினான். குசினி ஜன்னலைச் சாத்திவிட்டு இன்னொருமுறை அழுத்தினேன். அப்போதும் கேட்டது. கோடிக் கதவின் திறப்பு ஒன்று இப்போது அவர்கள் வீட்டில் இருக்கிறது.